முகத்தை மூடும் கருவியும் சாமானிய ஜனங்களும்

புதிய யந்திரம் ஒன்று சந்தைக்கு வரும்போதெல்லாம் இரண்டு கட்சிகள் தோன்றுவது உலக வழக்கம். இனி உலகமே மாறிவிடும் என்று ஒரு கட்சியார் பறையறைவர். பணக்காரரின் விளையாட்டுச் சாமான், நாலு நாளில் மூலையில் கிடக்கும் என்று மற்றொரு கட்சியார் நகைப்பர். அமெரிக்காவில் ஆப்பிள் கம்பெனியார் 2023-ம் வருஷம் ஜூன் மாதம் 5-ந் தேதி உலகுக்குக் காட்டி, 2024-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 2-ந் தேதி முதல் விற்கத் தொடங்கிய ‘விஷன் ப்ரோ’ என்னும் ஹெட்செட் விஷயத்திலும் இவ்விரு கட்சியாரின் ஆரவாரமே மேலோங்கி நின்றது. நாம் எந்தக் கட்சியையும் சார விரும்பவில்லை. தலையில் மாட்டிக் கண்களை முழுவதும் மூடிக்கொள்ளும் இத்தகைய விலையுயர்ந்த கருவிகள், மாதச் சம்பளத்தில் காலட்சேபம் செய்யும் சாமானிய ஜனங்களின் வீட்டில் இடம் பெறுமா என்பதே கேள்வி. இதற்கு விடை காண ஜோஸியம் வேண்டுவதில்லை. நடந்தவற்றைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தி விசாரித்தால் போதும்.

முதலில் அக்கருவிக்கு உரிய பெருமையை மறைக்காமல் சொல்லிவிடுவது நியாயம். இரு கண்களுக்கு எதிரே தபால் தலையளவான இரண்டு திரைகள். அவ்விரண்டிலும் சேர்த்து 2 கோடியே 30 லட்சம் ஒளிப்புள்ளிகள். வெளியுலகைப் படம் பிடித்து உள்ளே காட்டவும், கைகளின் அசைவையும் கண்களின் நோக்கையும் அறியவும் 12 காமிராக்கள். காமிராக்கள் காண்பதை 12 மில்லி விநாடிக்குள், அதாவது ஒரு விநாடியின் எண்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள், திரையில் சேர்ப்பதற்கென்றே தனியான ஒரு சில்லு. எந்தப் பொருளைப் பார்க்கிறோமோ அதுவே தேர்வாகிறது. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்தால் அது திறக்கிறது. விசைப்பலகையும் வேண்டாம், தொடுதிரையும் வேண்டாம். இதை ஒரு முறை அணிந்து பார்த்தவர் வியக்காமல் இருப்பது அரிது. ஆனால் வியப்பது வேறு. விலை கொடுத்து வாங்குவது வேறு. வாங்கியதை நாள்தோறும் எடுத்து உபயோகிப்பது முற்றிலும் வேறு. கடைசியாகச் சொன்னதே இவ்வழக்கில் முக்கியமான பிரச்னை.

விலையை நோக்குவோம். இக்கருவியின் விலை 3,499 டாலர். நம் நாணயத்தில் ஏறக்குறைய மூன்று லட்சம் ரூபாய். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் தம் பார்வைக்கேற்ற லென்ஸுகளுக்கென 2024-ல் 99 டாலரோ 149 டாலரோ மேற்கொண்டு கொடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்க அரசாங்கத்தின் ஜனக்கணக்கு இலாகா வெளியிட்டபடி 2023-ம் வருஷத்தில் அந்நாட்டுக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் 80,610 டாலர். மாதத்துக்கு 6,700 டாலர் சொச்சம். அதாவது, நடுத்தரமான ஓர் அமெரிக்கக் குடும்பம் வரி செலுத்துவதற்கு முன் ஈட்டும் அரைமாத வருமானத்துக்கு மேலாகவே இந்த ஒரு கருவி விழுங்கிவிடும். இது குடும்பத்துக்கு ஒன்றாக வாங்கும் பண்டமா என்றால் அதுவும் அன்று. ஒவ்வொருவர் முகவாகுக்கும் ஏற்ப அளவெடுத்த உறை வேண்டும். பார்வைக் குறையுள்ளவருக்கு அவரவர் லென்ஸும் வேண்டும். விருந்தினருக்குச் சிறிது நேரம் காட்ட வழியுண்டே அன்றி, நால்வர் உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்க்க வேண்டுமாயின் நான்கு கருவிகள் வேண்டும். அதற்கு 13,996 டாலர் வேண்டும். ஒரு டெலிவிஷன் பெட்டி வீடு முழுவதற்கும் பொதுவாக இருந்து செய்யும் வேலை இது!

கம்பெனியின் தலைவர் டிம் குக் அவர்களே 2024-ம் வருஷம் அக்டோபரில் ஒரு பத்திரிகைப் பேட்டியில், இந்த விலையில் இது பெருவாரியான ஜனங்களுக்குரிய பண்டம் அன்று, புதுமையை முந்திக்கொண்டு நாடுவோருக்குரியது என்று ஒப்புக்கொண்டார். பிரதிவாதியே ஒப்புக்கொண்ட விஷயத்துக்குச் சாட்சி வேண்டுவதில்லை. 2025-ம் வருஷம் அக்டோபரில் இன்னும் வேகமான சில்லுடனும் புதிய தலைப்பட்டையுடனும் மறு பதிப்பு வெளிவந்தபோதும் விலையில் ஒரு டாலரும் குறையவில்லை.

இங்கே எதிர்க்கட்சியார் ஒரு வாதத்தைக் கிளப்புவர். “புதிய யந்திரம் எதுவும் முதலில் விலையுயர்ந்தே இருக்கும், பின்னர் மலிந்துவிடும். 1983-ல் மோட்டொரோலா கம்பெனியார் விற்ற முதல் கைப்பேசியின் விலை 3,995 டாலர் அல்லவா? பத்து மணி நேரம் மின்சாரம் ஏற்றினால் அரைமணி நேரம் பேசலாம் என்ற நிலையில் இருந்த அப்பண்டம் இன்று கூலி வேலை செய்பவர் கையிலும் இல்லையா?” என்பர். வாதம் வலியது, அலட்சியம் செய்யத் தக்கதன்று. ஆயினும் இதில் ஒரு நுட்பம் மறைந்து கிடக்கிறது. தூரத்திலிருப்பவருடன் பேச வேண்டும் என்ற தேவை கைப்பேசி பிறப்பதற்கு முன்பே ஒவ்வொரு மனிதனிடத்தும் இருந்தது. அத்தேவைக்கும் மனிதனுக்கும் நடுவில் நின்றது விலை ஒன்றே. விலை விலகியதும் வெள்ளம் பாய்ந்தது. ஹெட்செட்டுக்கும் ஜனங்களுக்கும் நடுவில் நிற்பது விலை மட்டுந்தானா என்று கேட்டால், மலிவான ஹெட்செட்டுகளின் சரித்திரம் அவ்வாறு சாட்சி சொல்லவில்லை.

ஒக்குலஸ் என்னும் சிறு கம்பெனியை ஃபேஸ்புக் கம்பெனியார் 2014-ல் 200 கோடி டாலருக்கு வாங்கினர். 2020-ம் வருஷம் அக்டோபரில் ‘க்வெஸ்ட் 2’ என்னும் கருவியை 299 டாலருக்கே விற்றனர். அதாவது விஷன் ப்ரோ விலையில் பதினொன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அடுத்த வருஷம் தம் கம்பெனியின் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டு, எதிர்காலம் இவ்வழியே என்று பிரகடனம் செய்தனர். பலன் என்ன? விளையாட்டுப் பிரியரிடையே அக்கருவி பரவியது உண்மை. ஆயினும் கைப்பேசியைப் போல் விடிந்தது முதல் இரவு வரை கையோடு இருக்கும் பண்டமாக அது ஆகவில்லை. அக்கம்பெனியின் இப்பிரிவு 2022-ல் 1,370 கோடி டாலரும், 2023-ல் 1,610 கோடி டாலரும், 2024-ல் 1,770 கோடி டாலரும் நஷ்டம் காட்டியது. சாமர்த்தியமும் மூலதனமும் விளம்பரமும் மலிவு விலையும் ஒருங்கே சேர்ந்தும் ஜனங்கள் நாள்தோறும் நாடவில்லையெனில், தடை விலையைக் காட்டிலும் ஆழமான இடத்தில் இருக்க வேண்டும்.

அத்தடை இன்று நேற்றுத் தோன்றியதும் அன்று. ஜப்பானிய நின்டெண்டோ கம்பெனியார் 1995-ல் ‘வர்ச்சுவல் பாய்’ என்னும் கண்மூடி விளையாட்டுக் கருவியை அமெரிக்காவில் 180 டாலருக்கு விற்றனர். ஒரு வருஷத்துக்குள் வியாபாரத்தை நிறுத்திவிட்டனர். கூகிள் கம்பெனியார் 2013-ல் 1,500 டாலருக்கு வெளியிட்ட காமிராக் கண்ணாடியை 2015 ஜனவரியில் பொதுஜனங்களுக்கு விற்பதை நிறுத்தினர். தொழிற்சாலைகளுக்கென்று வைத்திருந்ததையும் 2023-ல் கைவிட்டனர். மைக்ரோஸாப்ட் கம்பெனியாரின் ‘ஹோலோலென்ஸ்’ 2016-ல் 3,000 டாலருக்கு வந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 2019-ல் 3,500 டாலருக்கு வந்தது. 2024-ல் அதன் உற்பத்தியும் நின்றது. வீட்டிலிருந்தே முப்பரிமாணப் படம் பார்க்கும் டெலிவிஷன் 2010-ல் பெரும் ஆரவாரத்துடன் வந்தது. அதற்கு வேண்டியது ஒரு லேசான கண்ணாடி மாத்திரமே. அதையும் ஜனங்கள் சலித்து ஒதுக்கினர். 2017-க்குள் பெரிய கம்பெனிகள் அதைக் கைவிட்டன. இத்தனை சாட்சிகளும் ஒரே திக்கைக் காட்டுகின்றன.

தடை யாது? முதலாவது, உடம்பு. விஷன் ப்ரோ முதலில் வந்தபோது அதன் எடை 600 முதல் 650 கிராம் வரை. மின்கலம் தனி, அது 353 கிராம். அதைச் சட்டைப்பையில் வைத்துக் கம்பியால் தலையோடு இணைத்துக்கொள்ள வேண்டும். அப்படியும் இரண்டு மணி நேரமே தாங்கும் என்று கம்பெனியாரே அறிவித்தனர். அரைக் கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைக் கழுத்து பின்புறம் சுமப்பது வேறு. முகத்துக்கு முன்னால் தொங்கவிட்டுச் சுமப்பது வேறு. இரண்டாவது, கண். நாம் அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது இரு கண்களும் உட்பக்கமாகத் திரும்புகின்றன. அதே சமயத்தில் கண்ணுள் இருக்கும் லென்ஸும் அந்தத் தூரத்துக்கு இசைய வளைந்துகொள்கிறது. இவ்விரு செயல்களும் சிறு பிராயம் முதலே பிணைந்து நடப்பவை. ஹெட்செட்டிலோ படம் எப்போதும் ஒரே தூரத்திலிருந்து வருவது போலவே ஒளி விழுகிறது. பொருள் அருகில் இருப்பது போல் தோன்றுவதால் கண்கள் திரும்புகின்றன. லென்ஸோ அவ்வாறு வளைய இயலாமல் நிற்கிறது. சிலருக்குக் கண்ணசதியும் தலைவலியும் உண்டாவதற்கு இது ஒரு முக்கிய காரணம். கண் நகர்கிறோம் என்கிறது, உட்செவி நகரவில்லை என்கிறது. இவ்விரண்டின் பிணக்கால் மயக்கமும் குமட்டலும் பலருக்கு நேர்கின்றன. இவற்றை விஞ்ஞானிகள் நாளடைவில் குறைக்கக் கூடும். குறைப்பார்கள் என்றே நம்புவோம்.

மூன்றாவது தடையே எல்லாவற்றிலும் பெரிது. அது முகம். மனிதன் பிறரோடு வாழும் பிராணி. வீட்டுக்குள் நுழையும் கணவனின் முகத்தைப் பார்த்தே மனைவி அன்றைய காரியம் ஜெயமா அபஜெயமா என்று அறிந்துகொள்கிறாள். தாய் தன் கண்ணைப் பார்க்கிறாளா என்று பார்த்துப் பார்த்தே குழந்தை பேசக் கற்றுக்கொள்கிறது. ஒருவர் கண்ணை ஒருவர் காண்பது இல்லறத்தின் பாஷை. அந்தப் பாஷையின் நடுவே ஒரு திரையைத் தொங்கவிடுகிறது இந்தக் கருவி. ஆப்பிள் கம்பெனியார் இதை அறியாதவர்கள் அல்லர். அறிந்ததனாலேயே கருவியின் வெளிப்புறத்திலும் ஒரு திரையை வைத்து, அணிந்தவருடைய கண்களின் சித்திரத்தை அதில் காட்டும்படி செய்தனர். கண்ணை மறைத்துவிட்டு, மறைத்த இடத்தின்மேல் கண்ணின் படத்தை வரைவது! சாமர்த்தியம் மெச்சத் தக்கதே. எனினும், கருவியின் குறை இன்னதென்பதை இதைவிடத் தெளிவாக ஒப்புக்கொள்ள முடியுமா?

“சோனி கம்பெனியாரின் வாக்மேனும் மனிதனைத் தனியனாக்கியதுதானே? அது வெற்றி பெறவில்லையா?” என்று எதிர்க்கட்சியார் மறுபடியும் வினவலாம். நல்ல கேள்வி. 1979-ல் 33,000 யென்னுக்கு வந்த முதல் வாக்மேனில் இருவர் சேர்ந்து கேட்பதற்காக இரண்டு துளைகளும், பக்கத்தில் இருப்பவருடன் பேசுவதற்காக ஒரு பொத்தானும் இருந்தன. தனியே பாட்டுக் கேட்பது மரியாதையன்று என்று அக்கம்பெனித் தலைவர் அகியோ மொரிட்டா கருதியதே காரணம். ஜனங்கள் அவரைக் காட்டிலும் தனிமையை விரும்பினர். பிற்காலத்துக் கருவிகளில் அப்பொத்தான் மறைந்தது. ஆகவே ஜனங்கள் தனிமையை வெறுப்பவர்கள் என்று நாம் வாதிக்கவில்லை. நாம் சொல்வது இதுவே: வாக்மேன் செவியை எடுத்துக்கொண்டு கண்ணை விட்டுவிட்டது. அணிந்தவர் வீதியில் நடக்கலாம். எதிரே வருபவரைக் கண்டு புன்னகை செய்யலாம். வேண்டும்போது ஒரு நொடியில் கழற்றலாம். ஒரு புலனைக் கடன் கொடுப்பதற்கும் முகத்தையே அடகு வைப்பதற்கும் வித்தியாசம் உண்டு. முதலதை ஜனங்கள் இசைந்து கொடுத்தனர். இரண்டாவதற்கு இதுவரை இசையவில்லை.

இவ்விடத்தில் ஒன்றை விளக்க வேண்டும். இத்தகைய கருவிகள் எவருக்கும் பயனற்றவை என்று நாம் கூறினோமில்லை. விமானம் செலுத்தக் கற்பவன், ரணசிகிச்சை பழகும் வைத்திய மாணவன், யந்திரத்தைப் பழுது பார்க்கும் தொழிலாளி ஆகியோருக்கு உயிர்ச்சேதமும் பொருட்சேதமும் இன்றிப் பயிற்சி தர இவை உதவுகின்றன. அவர்கள் வேலை நேரத்தில் அணிந்து, வேலை முடிந்ததும் கழற்றி வைப்பவர்கள். வெல்டிங் செய்பவர் முகமூடி அணிவது போல அது. அவ்வழியில் இக்கருவி நிலைத்து நிற்கக் கூடும். ஆனால் வெல்டிங் முகமூடியை யாரும் சமையலறையில் மாட்டிக்கொண்டு நிற்பதில்லை. தொழிற்கருவியாக வெற்றி பெறுவதையும் வீட்டுப் பண்டமாக வெற்றி பெறுவதையும் ஒன்றென்று மயங்கலாகாது.

முகத்தைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி கிடைத்துவிட்டது. மெட்டா கம்பெனியாரும், கண்ணாடி வியாபாரத்தில் பேர்போன எஸ்ஸிலோர்லக்ஸாட்டிகா கம்பெனியாரும் சேர்ந்து 2023-ம் வருஷம் அக்டோபரில் 299 டாலர் முதல் விற்ற ‘ரே-பான் மெட்டா’ கண்ணாடி பார்வைக்குச் சாதாரண மூக்குக் கண்ணாடியே. திரை கிடையாது, காமிராவும் ஒலிக்கருவியும் மாத்திரம் உண்டு. ஆச்சரியங்களில் விஷன் ப்ரோவின் கால் தூசுக்கும் ஈடாகாதது. ஆயினும் 2025 பிப்ரவரிக்குள் 20 லட்சத்துக்கு மேல் விற்றுவிட்டதாக அக்கம்பெனி அறிவித்தது. அவ்வருஷம் மே மாதத்தில் 29,900 ரூபாய் முதல் நம் நாட்டிலும் விற்பனைக்கு வந்தது. கண்பார்வை இல்லாதவர், எதிரே இருப்பதை விவரிக்கும்படி தூரத்திலுள்ள தொண்டர் ஒருவரைக் கேட்டறியும் ‘பீ மை ஐஸ்’ என்னும் சேவையும் இக்கண்ணாடியோடு இணைக்கப்பட்டது. குருடருக்குக் கைத்தடி போன்ற உதவி அது. அற்புதம் குறைந்து, அவசியம் மிகுந்து, முகமும் திறந்திருந்தால் ஜனங்கள் வாங்குகிறார்கள் என்பது இதனால் விளங்கவில்லையா?

ஆனால் இங்கேதான் பொதுஜன நன்மையை நாடுவோர் விழித்துக்கொள்ள வேண்டும். கண்ணை மூடும் கருவியின் துன்பம் அணிந்தவனோடு நிற்கிறது. காமிராக் கண்ணாடியின் துன்பமோ எதிரே நிற்பவனைச் சேர்கிறது. அவன் அதை வாங்கவுமில்லை, சம்மதிக்கவுமில்லை. 2024-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலை மாணவர் இருவர் இக்கண்ணாடியின் மூலம் வழியிற் செல்வோரைப் படம் பிடித்து, முகத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் இணையத் தேடலோடு சேர்த்து, அந்நியரின் பெயரையும் விலாசத்தையும் அறியக் கூடும் என்று எச்சரிக்கைக்காகவே செய்து காட்டினர். படம் பிடிக்கும்போது கண்ணாடியில் ஒரு சிறு விளக்கு எரியும் என்று கம்பெனியார் சமாதானம் கூறுகின்றனர். பட்டப்பகல் வெயிலில் பஸ் நிலையத்து ஜனக்கூட்டத்தில் அவ்விளக்கை யார் கவனிப்பார்?

நம் நாட்டில் 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், தனி மனிதன் தன் சொந்தக் காரியத்துக்காகவோ வீட்டுக் காரியத்துக்காகவோ கையாளும் தகவலைத் தன் எல்லைக்கு வெளியே விட்டிருக்கிறது. காகிதத்தில் விலாசம் எழுதி வைப்பவனுக்கும் குடும்பப் போட்டோ எடுப்பவனுக்கும் அந்த விலக்கு நியாயமே. முகத்திலேயே காமிராவை மாட்டிக்கொண்டு கடைவீதியில் நடப்பவனுக்கும் அதே விலக்குப் பொருந்துமா? பெண்கள் விடுதி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் முதலிய இடங்களில் இதற்கு வரம்பு என்ன? வழக்குகள் வந்த பிறகு நீதிபதிகள் தீர்மானிக்கட்டும் என்று சட்டசபைகள் வாளாவிருப்பது சரியன்று. அகப்படும் முதல் ஏழைப் பெண்ணின் மானத்தைச் செலவிட்டுத்தான் சட்டத்தின் பொருளை நாம் அறிய வேண்டுமா? கண்ணின் நோக்கும் ஒரு தகவலே. எதை ஒருவன் எவ்வளவு நேரம் பார்த்தான் என்பது அவன் மனத்தையே காட்டிவிடும். விஷன் ப்ரோவில் விரலால் தேர்வு செய்யும்வரை பார்வை சென்ற இடம் ஆப்பிளுக்கோ பிற கம்பெனிகளுக்கோ தெரிவிக்கப்படுவதில்லை என்று ஆப்பிள் கம்பெனியார் உறுதி கூறியிருக்கின்றனர். இது போற்றத் தக்க ஏற்பாடு. ஆயினும் ஒரு வியாபாரியின் நல்லெண்ணத்தால் கிடைப்பது சலுகை. சட்டத்தால் கிடைப்பதே உரிமை.

இனி நம் முடிவைக் கூறுவோம். முகத்தை முழுவதும் மூடும் ஹெட்செட் தொழிற்கூடத்திலும் பயிற்சிக்கூடத்திலும் விளையாட்டுப் பிரியரின் அறையிலும் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். விலை பாதியாகக் குறைந்தாலும் சாமானிய ஜனங்களின் அன்றாடப் பண்டம் ஆகாது. சாம்ஸங் கம்பெனியார் 2025-ம் வருஷம் அக்டோபரில் இவ்வகைக் கருவியை 1,799 டாலருக்கு, விஷன் ப்ரோவில் ஏறக்குறையப் பாதி விலைக்கு, வெளியிட்டனர். அதுவும் முகத்தை மூடுவதே. மூக்குக் கண்ணாடியின் எடையும் உருவமும் கொண்டு, கண்ணுக்குக் கண் தெரியும்படி அமைந்து, மனிதனுக்கு உண்மையில் வேண்டிய ஏதேனும் ஒரு காரியத்தைச் செய்யும் கருவி எப்போது வருகிறதோ அப்போதே ஜனங்கள் வாங்குவர்.

ஜனங்கள் புதுமையை அறியாதவர்கள், அவர்களுக்குப் பாடம் கற்பிக்க வேண்டும் என்று வியாபாரிகளும் அவர்களைச் சார்ந்த எழுத்தாளர்களும் அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். இதை நாம் சிறிதும் ஒப்பவில்லை. ரயிலையும் ரேடியோவையும் சைக்கிளையும் தையல் யந்திரத்தையும் கைப்பேசியையும் எவரும் கற்பிக்காமலே ஏற்றுக்கொண்டவர்கள் இதே சாமானிய ஜனங்கள். தமக்கு வேண்டியதைக் கண்டால் கடன்பட்டேனும் வாங்குவர். வேண்டாததை இனாமாகக் கொடுத்தாலும் பரண்மேல் போடுவர். அரைமாத வருமானத்தை எடுத்துக் கொடுக்குமுன், “இதை மாட்டிக்கொண்டால் என் குழந்தைக்கு என் முகம் தெரியுமா?” என்று ஒரு குடும்பஸ்தன் தயங்குவானாயின் அது அறியாமையன்று, விவேகம். பாடம் கற்க வேண்டியவர் அவன் அல்லன். அக்கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் கருவியைச் செய்து விற்கும் கம்பெனியாரே.